வேற்று மொழியில் பேசுகிறார்

ஓல்டனில் கார்த்திகைக்கு வானம் கிடையாது.
ஆற்றிலிருந்து ஏறுகிற பனிப்புகார்
முதலில் ரயில் நிலையத்தைத் தின்னும்,
பிறகு பாலத்தை,
பிறகு தெருமுனைத் திரையரங்கின் பெயர்ப்பலகையில்
முதல் மூன்று எழுத்தை.

எண்பத்துநாலு இருக்கை. ஏழு குறும்படம்.
பல் செய்யும் கூடத்தில் எனக்குப் பக்கத்து மேசை ரெகுலா
"ஒருத்தரும் வராவிட்டால் அழுதுவிடுவேன்" என்று
கையில் திணித்த டிக்கெட்.
வாசலில் ஒரு வாக்குச்சீட்டும் தந்தார்கள்.
ஒன்று முதல் ஐந்து வரை,
பிடித்த அளவில் கிழிக்கவும்.

முதலாவது ஐஸ்லாந்து. ஒரு குதிரை, இருபது நிமிடம்.
குதிரைக்குக் கதை ஒன்றும் இல்லை.
சிலேயில் ஒரு லிப்ட் இடைநடுவில் நின்றது,
உள்ளே மாட்டிய மூவரும் கடனைப் பற்றியே பேசினார்கள்.
மூன்றாவது முழுக்கக் களிமண்,
செய்தவனின் விரல்ரேகை பதிந்த முகங்கள்.
நாலாவதில் கண்ணயர்ந்துவிட்டேன்,
மன்னிக்கவும், விடிய ஐந்துக்கு எழும்பினவள்.

ஐந்தாவது ஜெனீவா.
உணவகம் பூட்டிய பிறகு, அதன் சமையலறை.
விட்டுப் போகிறவன் அனுப்பிய செய்தியை
நின்றபடி படிக்கிறாள் சமையல்காரி.
கமரா அவள் கன்னத்துக்கு அவ்வளவு கிட்ட,
துளி இறங்கப் போகிற வழி
முன்கூட்டியே தெரிகிறது.
யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.
ரெகுலா என் கையைப் பிடித்தாள்.

அவளுக்குப் பின்னால், தெளிவில்லாமல்,
நீராவிக்குள் ஒரு முதுகு.
கோப்பை கழுவுகிற மனிதர்.
தோளுக்கும் காதுக்கும் இடையில் கைப்பேசி.
திரையின் அடியில் ஜெர்மனில் எழுத்து விழுந்தது:
[வேற்று மொழியில் பேசுகிறார்]

"இஞ்சை ஏதோ படம் எடுக்கினமடி.
அந்தப் பிள்ளை பின்னேரத்திலை இருந்து அழுகுது,
பதினொரு தரம் ஆச்சுது, ஒரே அழுகை.
கண்ணுக்கை மருந்து விடுறாங்கள், பாவம்.
நான் உந்தக் கோப்பையளைத் திரும்பத் திரும்பக் கழுவுறன்,
எல்லாம் எப்பவோ கழுவின கோப்பை.
பதினொண்டே காலுக்குக் கடைசி ரயில்.
விடுவாங்களோ தெரியேல்லை."

நான் சிரித்தேன்.
வாயைப் பொத்திக்கொண்டு அல்ல,
கல்யாண வீட்டுப் பந்தியில் சிரிக்கிற சிரிப்பு.
அறுபது தலை திரும்பியது.
செத்த வீட்டில் பாட்டுப் போட்டவளைப் போல்
என்னைப் பார்த்தார்கள்.
ரெகுலா கையை எடுத்துக்கொண்டாள்.

துளி இறங்கியது.
பதினோராவதோ, பன்னிரண்டாவதோ.

ஆறும் ஏழும் ஓடின. ஒன்றில் கடல் இருந்தது.

விளக்கு வந்ததும் மேடையேறினார்
இயக்குநர் மயேல் கோர்பா,
இருபத்தாறு வயதிருக்கும், சிவப்புச் சப்பாத்து.
"அந்தக் கண்ணீர் முதல் எடுப்பிலேயே வந்தது,
ஒத்திகைகூட இல்லை" என்றார்.
கைதட்டினார்கள். நானும்.

ஒலிவாங்கி வரிசை வரிசையாக நகர்ந்தது.
ஒளியைப் பற்றி ஒருவர்.
பெண்ணின் தனிமையைப் பற்றி இன்னொருவர்
கேள்வியே இல்லாமல் ஐந்து நிமிடம் கேட்டார்.
பிறகு என் மடியில் வந்து நின்றது.

சொல்லியிருக்கலாம்.
பதினொன்று என்று ஒரு சொல் போதும்,
கண்மருந்து என்று இன்னொன்று.
மேடையில் ஒரு சிவப்புச் சப்பாத்து
மற்றதை மிதித்துக்கொண்டு நின்றது.

"பின்னால் நின்றவருக்கு," என்றேன்,
"அன்றிரவு ரயில் கிடைத்ததா?"

மொழிபெயர்ப்பாளர் அதைப் பிரெஞ்சில் சொல்லி முடிக்க
கொஞ்ச நேரம் எடுத்தது.
மயேல் என்னைத் தேடிப் பார்த்தார்.
கன்னம் மெல்லச் சப்பாத்தின் நிறத்துக்கு வந்தது.
"இல்லை," என்றார். "நியோன் வரைக்கும்
நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன்.
எனக்கொரு வாழைப்பழம் தந்தார்.
அவர் அங்கே என்ன..."
அதோடு நிறுத்திக்கொண்டார்.

வாக்குச்சீட்டை ஐந்தில் கிழித்தேன்.
யாருக்கு என்று கேட்க அதில் இடமில்லை.

வெளியே, சொக்குலேட் குடித்தபடி, ரெகுலா:
"சரி, அந்த மனிதன் என்னதான் சொன்னான்?"
"கோப்பை எல்லாம் ஏற்கெனவே கழுவினதாம்."
கொஞ்சம் யோசித்தாள்.
"அழகு. உருவகமா?"
"ஓம்" என்றேன்.

எனக்கும் ஒரு ரயில் இருந்தது.
மேடை தெரியவில்லை.
எண்ணை மட்டும் யாரோ பனிப்புகாருக்குள்ளிருந்து
இரண்டு மொழியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.