அரைப் பேர்

டிக்கோயா ஆஸ்பத்திரி, விடியற்காலை நாலு மணி.
அகார் தட்டில் அமராவதியின் சிறுநீர்
மறுபடியும் பூத்திருக்கிறது.
இந்த வருஷம் இது நாலாவது தடவை.
மருந்து வில்லைகளைச் சுற்றி வெறும் வட்டம்.
அதாவது, கிருமி மருந்துக்குக் கேட்கிறது.
கேட்டுவிட்டுத் திரும்பி வருகிறது.

ஏன் என்று போன தடவை கேட்டாள்,
படங்கைக்கூட அவிழ்க்காமல்
மலையிலிருந்து நேரே வந்து.
மூன்றாம் வகுப்பில் என் வாங்கில் இருந்தவள்.

சொன்னேன்:
அதற்குள்ளேயே ஒரு விஷம் இருக்கிறது,
அதுவே செய்து, அதையே முடக்கக்கூடியது.
பக்கத்திலேயே அதற்கொரு மாற்று.
ஒரே சுவரைப் பங்குபோட்ட இரண்டு காம்பிரா மாதிரி
மரபிழையில் அடுத்தடுத்த வீடு.
மாற்றுக்குப் பாதி உடம்புக்கு உருவமே இல்லை,
அவிழ்ந்து கிடக்கும் கயிறு.
விஷத்தைத் தொட்ட பிறகுதான்
சுருண்டு, மடிந்து,
அதன் இடுப்பைச் சுற்றிப் படங்காய் இறுகி
நறுக்கும் வாயை மூடுகிறது.
தன் வடிவம் என்னவென்று
அப்போதுதான் அதற்கே தெரியும்.

"ஒரே மாதிரி நாலு விஷம் இருந்தா மாறிப் பிடிக்காதா?"

அநேகமாய் மாறாது.
நாலைந்து இடத்தில் மேட்டுக்குப் பள்ளம்,
கூட்டலுக்குக் கழித்தல். ஒன்று பிசகினாலும் நழுவிவிடும்.
கொழுந்து மடுவத்தில் அறுபது கூடை குவிந்திருந்தாலும்
பேச்சை நிறுத்தாமல், திரும்பிப் பார்க்காமல்
உன் கை உன் கூடையில்தானே போய் விழுகிறது,
பிய்ந்த பிரம்பைத் தடவி?

சிரித்தாள். பிறகு,
"ரெண்டுல யாரு நிரந்தரம்?"

ஐந்து வருஷப் படிப்பில் ஒருவரும்
இவ்வளவு நேராகக் கேட்டதில்லை.

விஷம்தான் நிரந்தரம்.
மாற்று நாட்கூலி.
உள்ளேயே அதை அரித்துத் தின்கிற ஒன்று உண்டு,
தினம் புதிதாய்ச் செய்துகொண்டே இருக்க வேண்டும்.
பஞ்சம் வந்தால் மாற்றுதான் முதலில் கரையும்.
கட்டவிழ்ந்த விஷம் அகப்பட்ட செய்தியையெல்லாம் நறுக்கும்.
கிருமி சாகாது, உறங்கிப்போகும்.
(அப்படித்தான் என்கிறார்கள் சிலர்.
உறக்கத்துக்கு வேறு வாசலும் உண்டென்று
இன்னும் சண்டை நடக்கிறது.)
மருந்து உழைப்பதைத்தான் கொல்லும்.
உறங்குவதைத் தாண்டிப் போய்விடும்.

"அப்ப எழுப்பிவிட்டுக் கொல்லுங்களேன்."

எங்கெங்கோ பெரிய கூடங்களில்
இதைத்தான் முயல்கிறார்கள் என்று சொல்லவில்லை.
என் கையில் இருந்தது
அதே மாத்திரைக்கான அதே துண்டு.
வாங்கி மடித்து ரவிக்கைக்குள் வைத்தாள்.
பன்னிரண்டுக்குள் மலை ஏறினால்
அரைப் பேராவது விழுமாம்.

தட்டை மூடி எழுதுகிறேன்:
பெயர், வயது, டிவிஷன்.
வயது எனக்கும் அதேதான்.
ஜன்னலில் பனி, காசல்ரீ நீர் தெரியவில்லை.
மேலே எங்கோ பெக்டரிச் சங்கு,
யாரையும் அடையாளம் தெரியாமல்
எல்லோரையும் எழுப்புகிறது.
அடிவயிற்றைப் பிடித்தபடி அவள்
அடுப்பைப் பற்றவைப்பாள் இந்நேரம்.