பொருந்தாதது எது

பதினேழாம் கேள்வி.
பொருந்தாததைத் தேர்ந்தெடு:
சமையலறை, படுக்கையறை, கழிப்பறை, தொழிற்சாலை.

தாராவியில், தொண்ணூறு அடி ரோட்டுக்குப் பின்னால்
மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி. மூன்றாம் வகுப்பு.
உறையை நான்தான் கிழித்தேன்,
இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு.
நாடு முழுக்க இதே மணி, இதே தாள் என்றார்கள்.
மின்விசிறிக்குப் பறக்காமலிருக்க
தாளின் தலையில் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டார்கள் பிள்ளைகள்.

வட்டம் முழுசாக நிரம்ப வேண்டும், வெளியே வழியக் கூடாது,
உள்ளே வெள்ளை தெரிந்தால் மெஷின் படிக்காது.
வாய்ப்பாட்டை நிறுத்திவிட்டு
மூன்று நாள் இதைத்தான் பழக்கினேன்.
அப்படியும் ஜெபசிங் ஒரு வட்டத்துக்குக்
கண்ணும் மூக்கும் வரைந்துவிட்டான்.
அழித்தேன். ரப்பர் தூளை ஊதியதும் நான்தான்.

"டீச்சர், தொழிற்சாலைன்னா கார்கானாதானே?"
முப்பிடாதி.
பதில் சொல்லக் கூடாதென்று சுற்றறிக்கை.
தலையாட்டினேனோ என்னவோ,
குனிந்து
கழிப்பறை வட்டத்தை
பொட்டு வைக்கிற கவனத்தோடு கறுப்பாக்கினாள்.

என் முகம் மாறியிருக்கும்.
"மத்த மூணும் எங்க வீட்ல ஒரே ரூம்தான டீச்சர்."

அந்த ரூமுக்கு ஒருதரம் போயிருக்கிறேன்,
அவள் பத்து நாள் பள்ளிக்கு வராதபோது.
பர்ஸ் தைக்கும் மெஷின் இரண்டு,
அவற்றின் காலடியில் ஸ்டவ்,
மெஷின் ஓய்ந்தால் விரிக்கிற பாய்
சுவரோரம் சுருண்டு நின்றது.
தோல் வாசனைக்கு நடுவில் டீ கொடுத்தார்கள், ஏலக்காய் போட்டு.
கழிப்பறை நாலு சந்து தள்ளி.
வரிசை உண்டு. சில்லறை வேண்டும்.

மணி அடித்தது.
எண்ணி, கட்டி, அரக்கு வைத்தேன்.

ஐந்து மாதம் கழித்து அட்டை வந்தது.
மொழி மஞ்சள். கணக்கு மஞ்சள்.
வகைப்படுத்தும் திறன் சிவப்பு.
சிவப்பு வாங்கிய வகுப்புகளின் ஆசிரியர்களைப்
பரேலுக்குக் கூப்பிட்டார்கள்.
ஏ.சி. அறை, அட்டைத் தட்டில் சமோசா.
திரையில் அதே பதினேழு, மராத்தியில்.
பயிற்சி கொடுத்த அம்மா நல்ல மாதிரி, அதட்டவேயில்லை.
"சாங்கா, சாங்கா" என்றாள்,
எங்கள் பிள்ளைகளிடம் நாங்கள் கேட்கிற குரலில்.

முப்பது பேர் சேர்ந்து சொன்னோம்:
கார்கானா.
என் குரலும் இருந்தது அதில்.
கொஞ்சம் உரக்கவே.

இடைவேளையில் கழிப்பறை எங்கே என்று கேட்டேன்.
பக்கத்துக் கதவைக் காட்டினார்கள்.
வரிசையில்லை.
கைப்பையில் சில்லறை தேடிய விரல்களை
வெளியே எடுத்துக்கொண்டேன்.