சைக்கிள் கூடை

மார்ச் கடைசியில் ஒரு வாரம் காய்ச்சல்.
எழுந்து பின்சுவர்ச் சாய்ப்புக்குப் போனால்
என் சைக்கிள் கூடையில் யாரோ குடிவந்திருந்தார்கள்.

காய்ந்த புல், பாசி, ஈர மண்,
குளிர்காலம் முழுக்க நான் தேடிய பச்சைக் கம்பளி நூல்,
நடுவில் அவள்.
கருங்குருவி என்று பெயர்தான், பெண் பழுப்பு.
அசையவில்லை. ஒற்றைக் கண்ணால் பார்த்தாள்,
வாடகை கேட்க வந்தவளைப் பார்ப்பதுபோல.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்குச் சைக்கிளில் ஒன்பது நிமிடம்,
நடந்தால் முப்பத்தைந்து.
காரில் வா என்றாள் நெலே.
கூடையை மெல்லத் தூக்கிச் சுவரோரம் வை என்றாள் மகள், போனில்.
அவளுக்கு எல்லாமே மெல்லத் தூக்கி வைக்கக்கூடியவை.
லூவன் நகரத்தில் சைக்கிள் இல்லாதவள் பாதி ஆள்.
பாதி ஆளாக நடந்தேன், ஏப்ரல் முழுக்க.

அதற்காகச் சீக்கிரம் எழுந்தால்
தோட்டத்தில் எனக்கு முன்பே எல்லோரும் வேலையில்.
தோட்டம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம்.
பதினொரு அடி அகலம், குப்பைத்தொட்டி, ஒரு ருபார்ப் செடி,
காஸ்தோனுக்கும் எனக்கும் நடுவே பச்சைவேலி.

குழாயடிக் கல்லுக்குக் கீழே ஒரு தேரை.
எத்தனை வருஷமாக இருக்கிறதோ,
அத்தனை வருஷமும் அதன் தலைக்கு மேல்தான்
வாளி நிரப்பியிருக்கிறேன்.
புள்ளி போட்ட, ஓடில்லாத நத்தை ஒன்று
ருபார்ப்பை விட்டுவிட்டு
என் ரப்பர் பூட்ஸுக்குள் என்னவோ விசாரித்துக்கொண்டிருந்தது.
முள்ளெலி தின்னும் சத்தம் இருக்கிறதே,
வாயைத் திறந்தபடி பிஸ்கட் மெல்லும் என் முன்னாள் கணவனேதான்.
ஒருநாள் ஜன்னலைத் திறந்து
"வாயை மூடு" என்றே சொல்லிவிட்டேன்.
அதுவும் மூடவில்லை.

கவலையெல்லாம் பிஷப்பைப் பற்றி.
பிஷப், காஸ்தோனின் பூனை.
கறுப்பு உடம்பு, வெள்ளைக் கழுத்து,
தினமும் வேலியோரமாக ஊர்வலம் வரும்.
காஸ்தோனும் நானும் பேசி மூன்று வருஷம் ஆகிறது.
அவர் ஊரில் இல்லாத கோடையில்
வேலியை ஒட்ட வெட்டிவிட்டேன்.
அவர் சொன்னதும் நான் சொன்னதும் இங்கே வேண்டாம்.

ஒரு சீட்டு எழுதினேன்.
"சைக்கிள் கூடையில் நாலு முட்டை. பூனை."
தயவுசெய்து என்று சேர்த்து, அடித்து,
மறுபடி எழுதி
அவர் கதவின் தபால் வாயில் போட்டேன்.

பதில் இல்லை.
மறுநாள் அவர் மாடி ஜன்னலில்
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிஷப்,
மீசை நுனிவரை கோபம்.
அடுத்த நாளும். ஈஸ்டர் அன்றும்.
இருபத்தாறு நாள் அந்தப் பூனை கத்தியதைக்
கேட்டுக்கொண்டிருந்தவர் அவர், நான் இல்லை.

ஒரு மழைக் காலையில் ஆண்குருவி
புல்லில் மண்புழுவை இழுத்தது.
புழுவும் இழுத்தது.
பட்டென்று விட, குருவி பின்னால் சரிந்து உட்கார்ந்தது,
யாராவது பார்த்தார்களா என்று திரும்பியது.
வேலைக்கு நேரமாகிவிட்டது.
மேற்பார்வையாளரிடம் உண்மையைத்தான் சொன்னேன்.
நம்பவில்லை.

ஏப்ரல் கடைசி ஞாயிறு, கூடை காலி.
சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்கள்.
நீலப் பச்சையில் பழுப்புப் பொட்டுகளோடு
பொரியாத ஒன்று மட்டும் அடியில்,
கனமே இல்லாமல்.

வேலிக்கு அப்பால் செருப்புச் சத்தம் நின்றது.
"முடிந்ததா?"
"மூணு போயாச்சு."
"நாலு என்று எழுதியிருந்தாய்."
"எழுதியிருந்தேன்."
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு ஒரு கதவு திறக்கிற சத்தம்.

திங்களன்று சைக்கிளைத் தள்ளி வெளியே வந்தால்
மணிக்கும் கைப்பிடிக்கும் நடுவே
ஒரு சிலந்தி வேலையை முடித்திருந்தது.
பாலத்துத் திருப்பத்தில் மாணவர்கள் கூட்டம்.
மணியைத் தொடாமல்
ஓரம், ஓரம் என்று
கத்திக்கொண்டே போனேன்.