ஈரக்கழிவு

ராத்திரி ஒன்பதரைக்குத்தான் சின்னப்பாலத்தில் கரண்ட் வந்தது.
அதற்குள் எடைச்சிட்டைகள் பாதி நனைந்து
ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.
கட்டக்கோரை, மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி.
முப்பத்தொரு பெண்கள். ஒரே கோப்பு.
மாசத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் இறங்குவது என்று
அவர்களே போட்டுக்கொண்ட கட்டு.

கணக்கு என் பொறுப்பு.
கறுப்புத் திரையில் நான் தட்டுவதைப் பார்த்து
"எக்செல்ல போட்டா ஆகாதா?" என்பார்
கமிஷன் செல்லப்பாண்டி.
ஆகும்.
எக்செல் நேற்றை மறந்துவிடும், அண்ணாச்சி.
இது மறக்காது.

கிட் ஆட். கிட் கமிட்.
சேமிக்கும்போதெல்லாம் ஒரு வரி காரணம் கேட்கும்.
எழுதாமல் மூடினால்
காரணமில்லை, கைவிட்டேன் என்று
முகத்தில் அடித்தாற்போல் திருப்பி அனுப்பும்.
நான் கொடுத்த காரணங்கள்:
வெள்ளிக்கிழமை எடை.
மாரியாயி பெயரில் எழுத்துப்பிழை.
கச்சான் காற்று, யாரும் இறங்கவில்லை.
திருத்தம்.
திருத்தம்.
சின்னத் திருத்தம்.

முத்துராக்கு வந்து நின்றாள்.
முக்குளிக்கும் கண்ணாடியின் தடம்
கண்ணைச் சுற்றி இன்னும் வட்டமாக.
விரலில் சுற்றிய துணியைக்கூட அவிழ்க்கவில்லை.
"ஆடி பதினாலு, எனக்கு நாப்பத்திமூணு கிலோ.
தராசுல நின்னத நானே பாத்தேன்.
ஒம் பொட்டியில எம்புட்டு?"

முப்பத்தாறு.

"யாரோ மாத்தியிருக்காக" என்றேன்.
யாரோ. எவ்வளவு வசதியான சொல்.

எந்த வரியைக் கடைசியாகத் தொட்டவர் யார்
என்று காட்டும் கட்டளை ஒன்று உண்டு.
அதற்குப் பழி என்று பெயர் வைத்தவன்
எந்த ஊர்க்காரனோ.
தட்டினேன்.
முப்பத்தொரு வரி. இடது ஓரத்தில்
ஜெனோபா
ஜெனோபா
ஜெனோபா
என்று என் பெயரே
கீழே வரைக்கும் இறங்கிப் போனது.

அந்த நாளைத் திறந்தேன். மாலை ஏழு பன்னிரண்டு.
காரணம்: சின்னத் திருத்தம்.
சிவப்பில், முன்னால் ஒரு கழித்தல் குறியோடு,
முத்துராக்கு 43.
பச்சையில், கூட்டல் குறியோடு,
முத்துராக்கு 36.
குறைத்ததற்கு அது போட்ட குறி, கூட்டல்.

அப்போது ஞாபகம் வந்தது.
போனில் செல்லப்பாண்டி:
"பாசி ஈரமா இருக்கும்மா, ஏழு கிலோ கழிச்சுப் போடு."
கடலுக்குள்ளிருந்து வருவது
காய்ந்தா வரும் என்று நான் கேட்கவில்லை.
கழித்தேன். கையோடு மறந்தும் போனேன்.
கோப்பில் அவர் பெயர் எங்கும் இல்லை.
குரலுக்கு வரலாறு இல்லை,
விரலுக்குத்தான்.

அந்த ஒரு சேமிப்பை மட்டும் உருவி எடுத்துவிட்டு
முன்னும் பின்னும் தைத்துவிடலாம்.
அதற்கும் கட்டளை இருக்கிறது, எனக்குத் தெரியும்.
கை அங்கேதான் போனது.

முத்துராக்குக்கு இங்கிலீஷ் வராது,
எண் வரும்.
தோளுக்கு மேலே குனிந்தாள். உப்பு வாடை.
"அந்தச் செவப்புல நிக்கிறது
என் நாப்பத்திமூணுதான?"
"ஆமா."
"அழிச்சத எதுக்கு வச்சிருக்கு?"
"அது அப்படித்தான்."
"நல்லதாப் போச்சு" என்றாள்,
என்னைப் பார்க்காமல்.

36-ஐ 43 ஆக்கினேன்.
காரணம் கேட்டது.
திருத்தம் என்று அடித்தேன், அழித்தேன்.
துடிக்கிற அந்தச் சின்னக் கட்டத்துக்கு முன்னால்
ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.
பிறகு எழுதினேன்:
ஆடி 14 அன்று முத்துராக்குவின் ஏழு கிலோவைக்
குறைத்தது நான்.
சொன்னது செல்லப்பாண்டி.
பாசி ஈரமாகத்தான் இருந்தது.

ஒரு கோப்பு மாறியது, என்றது.
ஒரு வரி சேர்ப்பு, ஒரு வரி நீக்கம்.

"மத்தவகளுக்கும் பாரு" என்றாள்.
இதைச் சொல்வாள் என்று பயந்துகொண்டுதான் இருந்தேன்.
சின்னத் திருத்தம் என்று தேடினேன்.
பத்தொன்பது.

கரண்ட் மறுபடி போனது.
பேட்டரி பதினொரு சதவீதம்.
நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டுவிட்டு
முதலாவதைத் திறந்தேன்.