துணைக்கு ஒரு எஸ்

நாரிச், செவ்வாய் மாலை வகுப்பு.
அப்ரெஹெத்தின் தாளில் சிவப்பு மை:
'ஷீ கோ' அல்ல, 'ஷீ கோஸ்'.

பத்துப் பேர் போனால் வெறும் 'கோ'.
ஒருத்தி போனால்தான் அந்த எஸ்.
தனியாய்ப் போகிறவளுக்குத் துணைபோலும்.

அவளுடைய திக்ரிஞாவில் வினை
எல்லாரும் உட்கார்ந்தபின் வந்து கதவைச் சாத்தும்.
இங்கேயோ நட்டநடுவில் நிற்கிறது,
வான்கோழி ஆலை மேஸ்திரி மாதிரி.

திரும்பும் பஸ்ஸில் டிரைவர் அட்டிங்,
நாலு தலைமுறை நார்ஃபோக் நாக்கு,
யாரிடமோ தன் மனைவியைப் பற்றி:
'ஷீ கோ தேர் எவ்ரி சண்டே.'
கேட்டாள்.
சிரிப்பை மஃப்ளருக்குள் தள்ளிக்கொண்டாள்.

ராத்திரி வீட்டுப்பாடம்.
'மை சிஸ்டர் லிவ் இன் கெரென்.'
அட்டிங் சொன்னால் சரிதான்.
ஆனாலும் தங்கை அங்கே ஒற்றை ஆள்.
இடுக்கில் நெருக்கி எழுதினாள் எஸ்ஸை.