பெட்டி எண் 417

எம்பராராவில் இரவுப் பணி.
மூளைக்குள் எட்டிப் பார்க்க என்னிடம் உள்ள கருவி
பேனா அளவு டார்ச் ஒன்று.
பேட்டரி என் சம்பளத்தில்.

மணிக்கொருமுறை இமையைத் தூக்கி ஒளி காட்டுவேன்.
கண்மணி சுருங்கினால் படிவத்தில் ஒரு கோடு.
சுருங்க மறுத்தால்
மருத்துவரின் கதவைத் தட்ட வேண்டும்,
அவர் அப்போதுதான் படுத்திருந்தாலும்.

கதுங்கியைக் கொண்டுவந்தவன் இன்னொரு போடாக்காரன்.
இசிங்கிரோ சாலையிலிருந்து தன் மோட்டார் சைக்கிளிலேயே,
தனக்கும் பின்னால் உட்கார்ந்தவனுக்கும் நடுவே
வாழைத்தாரை நிறுத்திவைப்பதுபோல் நிறுத்திவைத்து.
ஹெல்மெட் ஹேண்டில்பாரில் தொங்கியதாம்.
அதற்குக் கீறல்கூட இல்லை.

கண் இரண்டு. பேச்சு இரண்டு. அசைவு நான்கு.
பதினைந்துக்கு எட்டு.
பள்ளிக்கூடமாக இருந்தால் தேற்றியிருப்பார்கள்.

அடிபட்டு இரண்டு மணி பத்து நிமிடம்.
மூன்று மணிக்குள் ஏற்றினால்தான் ஆய்வில் சேர்க்கலாம்.
மிச்சமிருந்த ஐம்பது நிமிடத்தில்
அவன் மனைவியிடம் சொன்னேன்:

அந்த அலமாரியில் பாதிப் பெட்டிகளில் மருந்து.
கசியும் இரத்தத்தை நிறுத்தக்கூடும் என்று நினைக்கிறோம்.
மீதிப் பாதியில் உப்புத் தண்ணீர்.
எதில் எது என்று எனக்குத் தெரியாது,
மருத்துவருக்கும் தெரியாது.
தெரியாமல் இருப்பதற்குத்தான் சம்பளம்.

கொபுசிங்கே படிவத்தைப் பார்க்கவில்லை.
என்னைப் பார்த்தாள்.
அவள் இடது கண்ணோரமும் ஒரு வீக்கம்,
ஊதா வடிந்து மஞ்சளாகியிருந்தது.
ஐந்து நாள், மிஞ்சினால் ஆறு.
காயங்களின் வயது எனக்குத் தெரியும்.
அதைப் பற்றிக் கேட்க எந்தப் படிவத்திலும் இடமில்லை;
நானும் கேட்கவில்லை.

"தெரியாத ஒன்றுக்கா கையெழுத்து?"
ஆமாம் என்றேன்.
"கல்யாணத்துக்கும் அப்படித்தான் போட்டேன்,"
என்று பேனாவை வாங்கிக்கொண்டாள்.

நானூற்றுப் பதினேழு.
முத்திரையை உடைத்து, குப்பியைச் சாய்த்து,
நிறமில்லாத ஏதோ ஒன்று
சொட்டுச் சொட்டாக அவனுக்குள் போவதை எண்ணினேன்.
விடியும்வரை கண்மணிகள் சுருங்கின,
வலது கொஞ்சம் சோம்பலாக.
காலையில் ஸ்கேனில் மண்டையோட்டை ஒட்டி வெள்ளைப் பிறை.
மதியம் துளையிட்டு வடித்தார்கள்.
பத்தொன்பதாம் நாள்
அவன் தண்ணீர் கேட்டான். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

ஆறு மாதம் கழித்துத் தொலைபேசி. விதிமுறை அது.

துணையில்லாமல் கடைக்குப் போகிறாரா?
"போகிறார். நேற்று உப்பு வாங்க அனுப்பினேன்.
தீப்பெட்டி வாங்கி வந்தார், மூன்று."

வண்டி ஓட்டுகிறாரா?
"விற்றாயிற்று."

குணத்தில் மாற்றம் உண்டா?

அந்தப் பக்கம் கோழிகள். பாத்திரம் ஒன்றைக் கீழே வைக்கும் சத்தம்.

"உண்டு," என்றாள்.
"மழை பெய்தால் அழுகிறார்.
மகளோடு உட்கார்ந்து மத்தோக்கே உரிக்கிறார்.
சில நேரம் கோபத்தில் கையைத் தூக்குகிறார்,
எதற்குத் தூக்கினோம் என்பது மறந்து
என் தலையைத் தடவிவிட்டுப் போகிறார்."

எத்தனை தடவை? எப்போதாவது, அடிக்கடி, தினமும்?
"தினமும்."

விபத்துக்கு முன்பும் இப்படி இருந்தாரா?

"இல்லை."
கேள்வி முடியுமுன்பே வந்துவிட்ட பதில்.

படிவத்தின் விதிப்படி இது இழப்பு.
இழப்பு என்ற கட்டத்தில் மையால் வட்டமிட்டேன்.
எங்கோ ஒரு நகரத்தில், ஒருநாள்
பெட்டிகளின் ரகசியத்தைத் திறப்பார்கள்.
மருந்தின் பக்கமோ உப்பின் பக்கமோ
கதுங்கி கணக்கில் ஒன்றைக் குறைப்பான்.

வைக்குமுன் அவள் கேட்டாள்:
"சிஸ்டர், இவர் பழையபடி ஆகிவிடுவாரா?"

நூறு மனைவிகள் கேட்ட கேள்வி.
எந்தப் பதிலுக்குப் பயந்து கேட்கிறாள் என்று
முதன்முறையாக யோசித்தேன்.

தெரியாது என்றேன். உண்மையில் தெரியாது.

பிற குறிப்புகள் என்று இரண்டு வரி இடம் விட்டிருந்தார்கள்.
தீப்பெட்டி, மூன்று
என்று எழுதிக் கையெழுத்திட்டு
அடுத்த எண்ணை அழுத்தினேன்.