இருபத்துநாலு மணித்தியாலம்

முதல்நாள் காலை ஆறு மணிக்குப் போவதைக் கொட்டிவிட வேண்டும்.
அதற்குப் பிறகு
மறுநாள் ஆறு மணிவரை ஒரு சொட்டும் சிந்தக்கூடாது.
தகரம் படக்கூடாதென்று
பிளாஸ்டிக் கானை ஆஸ்பத்திரியே தந்தது.
இரண்டு லீற்றருக்குச் சற்றுக் கூட
என்னுடைய ஒரு நாள்.
புதுக்குடியிருப்பு ஆறரை பஸ்ஸில் மடியில் இருக்கிறது.

பரந்தனில் ஏறிய சிப்பாய்
மூடியைத் திறக்கச் சொன்னான்.
திறந்தேன்.
அவன் முகத்தை விடுங்கள்,
முன் சீற்றில் இருந்த மனுசி
யாழ்ப்பாணம் மட்டும் சிரித்துக்கொண்டு வந்தா.

ஈரலில் செம்பு சேருகிறதாம்.
முப்பதாயிரம் பேரில் ஒருவருக்கு வருமாம்.
எங்கள் வீட்டில் மூன்று பேரில் இரண்டு பேருக்கு.
அப்பாவும் அம்மாவும் மச்சான் மச்சாள்,
காணி வெளியே போகக்கூடாதென்று கட்டி வைத்தது.
அந்தக் காணியில் இப்போது காம்ப்.

ஒன்பது வருசம் அம்பகாமக் காட்டில்
டிடெக்டர் பிடித்த கை இது.
கீச்சென்றால் நில். முழங்காலில் இரு. சுரண்டு.
கம்பித்துண்டோ, மீன்ரின் மூடியோ, மற்றதோ.
ஒருநாள் சுரண்டி நடுங்கியது.
பொறுப்பாளர் ஒன்றும் பேசாமல்
என் தலைக்கவசத்தைக் கழற்றி எடுத்தார்.

"அந்த மிசினை என்ர பக்கம் திருப்பினால் கத்தியிருக்குமோ டொக்டர்?"
அவர் சிரிக்கவில்லை.
"அவ்வளவுக்கு இல்லை, சுகிர்தமலர்" என்றார்.

வழி மூன்று என்று கொப்பியில் எழுதித் தந்தார்.
குளிசை: வெறும்வயிற்றில், சாகும்வரை.
முதலில் நடுக்கம் கூடலாம், பயப்பட வேண்டாம்.
(கூடியது. பயந்தேன். ஆறு கிழமை
தங்கச்சிதான் எனக்குச் சோறு தீத்தினாள்.)
இரண்டாவது, நாகம்.
அம்மா புதூர்ப் பக்கம் பார்த்துக் கைகூப்பினா.
அது உலோகம் அம்மா என்றேன்.
இருக்கட்டும், பெயர் நல்லது என்றா.
மூன்றாவது ஈரல் மாற்றுவது.

தங்கச்சி பாதி தருகிறேன் என்றாள்.
வேண்டாம் என்றேன்.
"வேண்டாமெண்டுறது உன்ர விருப்பம்.
தாறனெண்டுறது என்ர விருப்பம்.
உன்ரயை மட்டும் ஏன் எல்லாரும் கேட்கினம்?"
நாலு நாள் கதைக்கவில்லை.
ஐந்தாம் நாள் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டாள்,
கொஞ்சம் இழுத்துத்தான்.

தம்பி கஜீபனுக்கு ஒன்றுமில்லை.
இரத்தத்தில் மட்டும் இருக்கிறது.
மூன்று கிழமை விழுங்கினான், நாக்குச் செத்துப்போனது.
நந்திக்கடல் நண்டு மண்ணாய் இருக்குதெண்டு
சட்டியைத் தள்ளி வைத்தான்.
நண்டே ஆகாதடா என்றேன்.
"வராத நோய்க்கு இப்பவே சாகச் சொல்லுறியோ?"
அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.
டொக்டரிடம் இருக்கிறது. அவரிடம் அவன் போவதில்லை.
வற்றாப்பளைப் பொங்கலன்று
கச்சான் சரையை என் முன்னாலேயே உடைத்தான்.

அவன் பெயருக்கும் மாதாமாதம் குளிசை எடுத்தேன்.
பால்மா டின்னுக்குள் சேர்ந்தது.
பிறகு அந்த வருசம் வந்தது,
பெற்றோல் வரிசை, மா வரிசை.
மருந்தகத்தில் வெறும் தட்டு.
ஐந்து மாதம்
அவன் விழுங்காததை நான் விழுங்கினேன்.
டின் குறைவதை அவன் பார்த்தான்.
ஒருநாள் தானே எடுத்து நீட்டினான்,
தண்ணீரோடு.
எனக்கு அடிக்கவேண்டும் போலிருந்தது.

என்னைப் பொறுமைசாலி என்று கிளினிக்கில் சொல்கிறார்கள்.
பொறுமை இல்லை.
முழங்காலில் இருந்து
ஒரு அடி நிலத்தை ஒரு மணித்தியாலம் பார்த்த பழக்கம்.
பழக்கம் இல்லாதவனை
எதைச் சொல்லி இருத்துவது?

கானை வாங்கிக்கொண்டார்கள். முடிவு வர ஆறு கிழமை.
மருந்துக் கவுண்டரில் புதுப் பிள்ளை.
"கஜீபன் வரேல்லையோ?"
கடலுக்குப் போட்டான், அடுத்தமுறை வருவான் என்றேன்.
பேனையைத் தந்தாள்.
அவன் பெயருக்கு நேரே நான் வைத்த கையெழுத்து
கோட்டைத் தாண்டிப்
பக்கத்து ஆளின் கட்டத்துக்குள் போய் விழுந்தது.
அவள் அதைப் பார்த்தாள்.
இரண்டு சரை கட்டித் தந்தாள்.